லாரி குடித்த ஆயில்

தங்கச்சி வீட்டு லாரி குடித்த எஞ்சின் ஆயில் அத்தனையும் மெக்கானிக் வீட்டுச் சமையலறைச் சுவர் வழியாக வெளியே வந்தது. வெங்காயம் விலை ஏறி, தெருமுனைத் தண்ணீர்க் குழாய் உடைந்து, மழையும் பிடித்துக்கொண்ட அதே வாரத்தில் இது ஆரம்பித்ததால், முதலில் யாரும் இதைத் தனி விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போன மெக்கானிக்கின் மனைவி, அலமாரிக்குப் பக்கத்தில் சுவர் வேர்த்திருப்பதைப் பார்த்தாள். ஓதம் என்று நினைத்து விரலால் தொட்டாள். தேன் நிறமாக, வழவழப்பாக, நல்ல கெட்டியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வாசனையோடு குடும்பம் நடத்துகிறவள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஒரு துளியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். அது எந்த ரக ஆயில், எந்த வண்டியில் தன் கையாலேயே ஊற்றினது என்பதெல்லாம் அவருக்கு உடனே தெரிந்துபோயிற்று. பழைய வீடு என்றால் ஏதாவது கசியத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனார்.

நடந்தது இதுதான். லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கிற அந்தச் சாலையில் மெக்கானிக்குக்கு ஒரு புகழ் இருந்தது: பிஸ்டனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரிங் மாட்டுவார். ரிங்கின் ஒரு பக்கத்தில் பொடியாக ஒரு குறி வெட்டியிருப்பார்கள். அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும்; தலைகீழாகப் போனால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து மாட்டுவதை, இவர் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, ஊர்க்கதை பேசிக்கொண்டே மாட்டிவிடுவார். ஓட்டை லாரி ஒன்றை வாங்கி, எஞ்சினை இறக்கிப் புதுசாக்கி விற்கலாம் என்று அவருக்கு ஆசை வந்த நேரம், தகடு கிழித்துக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் டீ கிளாசும் கையுமாக வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். விரல் சரியில்லை, இன்றைக்குக் கண்ணால் பார்த்தே மாட்டுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கட்டுக்கு மேலேயே தடவினார், தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார், மாட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆனால் ஆனை சறுக்கினால் ஊருக்கே தெரியும். மெக்கானிக் சறுக்கினால் எஞ்சினுக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால், அளவு கண்ணெதிரே இறங்கியிருந்தது. சைலன்சர் நீலமாகப் புகைத்தது. ஒவ்வொரு பிஸ்டனிலும் இரண்டாவது ரிங் தலைகீழாகப் போய்விட்டது என்று அவருக்கு அந்த நிமிடமே தெரியும். மறுபடி பிரித்தால் மேலே ஹெட்டைக் கழற்ற வேண்டும், அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பைக் கழற்ற வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம், ஆனால் வேடிக்கை பார்த்த அதே ஆட்கள் அதே டீ கிளாசோடு மறுபடி வருவார்களே. அவர் பிரிக்கவில்லை. இருக்கிறதிலேயே கெட்டியான ஆயிலை ஊற்றி, அதற்கு மேல் புகையை அடக்குகிற திரவம் ஒரு பாட்டிலையும் கவிழ்த்தார். புகை நின்றது. யாராவது தூரத்து ஆளாகப் பார்த்து வண்டியைத் தள்ளிவிடலாம் என்று இருந்தார்.

தூரத்து ஆள் வருவதற்குள் தங்கச்சி வந்துவிட்டாள், கூடவே அவள் புருஷனும். ஊரான் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டி ஓட்டி இடுப்பு தேய்ந்த மனிதர்; சொந்தமாக ஒரு லாரி என்பதைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. மாப்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்தார், டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். எஞ்சின் பக்கம் குனியவே இல்லை. "நீங்க செஞ்ச எஞ்சினு மச்சான், இதுல நான் என்னத்தப் பாக்கறது" என்றார். மெக்கானிக் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் தங்கச்சி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா இறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்நியனை ஏமாற்றினால் அது வியாபாரத் தந்திரம். கூடப் பிறந்தவளை ஏமாற்றினால் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை அவர் தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

லாரி அந்த வாரமே லோடு அடிக்கத் தொடங்கியது, ஆயிலும் குடிக்கத் தொடங்கியது. பாட்டில் திரவத்தின் வேகம் தீர்ந்ததும் புகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீலப் புகை மருந்துக்குக்கூட இல்லை. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து நிறுத்திப் பார்த்தார்கள்; ஒரு சொட்டு விழவில்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் ஆயில் கலக்கவில்லை, தெளிவாக இருந்தது. உள்ளே ஊற்றின ஆயில் போன இடம் தெரியவில்லை. போன இடம் மெக்கானிக் வீட்டுச் சமையலறை. மாப்பிள்ளை எங்கோ ஒரு சாலையோரத்தில் கேனைத் திறந்து ஊற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினால், கொஞ்ச நேரத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் சுவர் வேர்க்கும். எஞ்சினுக்குள் போய்வந்த அழுக்கு இல்லை, கரி இல்லை. டப்பாவைப் பிரித்த மாதிரி சுத்தமாக வந்தது.

மெக்கானிக்கின் மனைவி சுவருக்கு அடியில் ஒரு தட்டு வைத்தாள், பிறகு சட்டி வைத்தாள், பிறகு வாளி வைத்தாள். நிறைந்ததைக் கொட்ட மனசில்லாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். மெக்கானிக் வீட்டில் ஆயில் இருப்பது முடிவெட்டுகிற கடையில் முடி கிடப்பது மாதிரி. ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மெஷினுக்கு வாங்கிப் போனாள். சைக்கிள் வைத்திருந்தவர்கள் செயினுக்கு வாங்கிப் போனார்கள். மற்றவர்கள் கதவுக் கீலுக்கு விட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தெருவில் ஒரு கதவும் கிறீச்சிடவில்லை; எந்த வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று காதால் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய், தெருவில் வம்பு பாதியாகக் குறைந்தது. இதெல்லாம் அந்த வீட்டால் ஊருக்கு விளைந்த நன்மை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மெக்கானிக் மட்டும் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார், முடிந்த மட்டும். ஆனால் பார்க்காமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது. சொட்டு வேகமாக விழுந்தால் மாப்பிள்ளை பாரத்தோடு மேட்டில் ஏறுகிறார். நிதானமாக விழுந்தால் சமவெளி. நின்றுபோனால் ஒன்று லோடு கிடைக்கவில்லை, அல்லது வண்டி வழியில் படுத்துவிட்டது; அப்போது தட்டில் கை வைத்தபடி அடுத்த சொட்டுக்குக் காது கொடுத்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடையது சொட்டுச் சொட்டாகக் குறுகுறுத்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. ஒரு தடவை வாளியில் சேர்ந்ததையெல்லாம் துணியில் வடிகட்டி, கேனில் அடைத்து, வியாபாரி ஒருவர் சும்மா கொடுத்ததாகச் சொல்லி மாப்பிள்ளை வண்டியிலேயே ஊற்றிவிட்டார். அடுத்த லோடு முடிவதற்குள் அது அத்தனையும் சுவருக்குத் திரும்பி வந்து சேர்ந்தது. வழி பழகிய ஆயில். இந்தப் பக்கம் தங்கச்சி, வண்டி சம்பாதிப்பதை வண்டியே குடித்துவிடுகிறது என்று அட்டைப்பெட்டி ஒட்டுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பசையில் அவள் விரல்களெல்லாம் தோலுரிந்தன. அண்ணன் வீட்டுக்கு வந்தால் கையை மடியிலேயே வைத்துக்கொள்வாள். அந்தக் கையை அவர் ஒரு தடவை பார்த்துவிட்டார், அதற்கப்புறம் அவள் வருகிற நேரத்தில் பட்டறையில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார்.

மாப்பிள்ளையிடம் ஒரு கிளீனர் இருந்தார். ஐம்பதைத் தாண்டினவர், ஒல்லி, கேட்டால்தான் பேசுவார். வண்டி நின்றால் முதலில் இறங்குகிறவர் அவர்தான். ஆயில் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பார், குறைந்ததை ஊற்றுவார். வினை அங்கேதான் வந்தது. புகை இல்லை, கசிவு இல்லை, ஆயிலோ குறைகிறது. அப்படியென்றால் யாரோ எடுக்கிறார்கள் என்று லாரி ஸ்டாண்டில் நாலு பேர் பேசினார்கள். மாப்பிள்ளை ரொம்ப நாள் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். ஒரு நாள் கிளீனரையும் அழைத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கூடிவிட்டார்கள். கிளீனர் வாசல் ஓரமாக நின்றார்.

"மச்சான், எனக்கு ஒரே ஒரு வார்த்த போதும்" என்றார் மாப்பிள்ளை. "வண்டில கோளாறு இருக்கா, இல்லையா? இருக்குன்னு சொல்லுங்க, இந்த மனுசன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

மெக்கானிக் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோருக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ரிங் மாட்டுகிறவர்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல, மாப்ளே."

கிளீனர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கம்பியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை அளவு பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறித் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டார், துடைக்கிற துணியை மடித்து சீட்டில் வைத்தார், இறங்கி நடந்து போனார்.

அன்றிலிருந்து சுவரில் வந்த ஆயில் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஓடி நின்ற எஞ்சின் மாதிரி சுவர் சுட்டது. சமையலறையோடு நிற்காமல் படுக்கிற அறையிலும் கசிந்தது, முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் கசிந்தது, மெக்கானிக் எந்த நாற்காலியில் உட்காருகிறாரோ அதற்கு நேர் மேலே கூரையில் கசிந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது பழமொழி. இங்கே பாவம் முகவரி தப்பாமல் வந்து சேர்ந்தது. கிளீனர் போன பிறகும் லாரி குடிப்பதை நிறுத்தவில்லை. எடுத்தது அவர் இல்லை என்று மாப்பிள்ளைக்கு அடுத்த லோடிலேயே புரிந்துவிட்டது. ஆனால் ஊரைக் கூட்டி அனுப்பிவிட்டு, இப்போது அவர் எடுக்கவில்லை என்று சொன்னால் தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்வது. அவரும் பேசாமல் கேனைத் திறந்து ஊற்றிக்கொண்டு ஓட்டினார். ஆக, கிளீனர் எடுக்கவில்லை என்று தெரிந்தும் சொல்லாதவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

ஆயிலை அரை அரை லிட்டராக எடுத்தார் என்று கிளீனருக்கு லாரி ஸ்டாண்டில் 'அரை லிட்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. யாரும் வண்டியில் ஏற்றவில்லை. ஏதாவது கூலி வேலை கிடைக்குமா என்று அவர் தினமும் வந்து டீக்கடைப் பக்கம் நிற்பார். ஒரு நாள் மெக்கானிக் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு டிரைவர் சும்மா தமாஷுக்கு, ஆயில் ஒட்டியிருக்கிறதா பார்க்கலாம் என்று கையை விரித்துக் காட்டச் சொன்னான். கிளீனர் மறு பேச்சில்லாமல் இரண்டு கையையும் விரித்து நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். விரித்த கையைத் திரும்ப எப்போது மடக்குவது என்று தெரியாதவர் போல அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் கிளாசைக் குனிந்து பார்த்தார். டீயின் மேல் ஆயில் படலமாக மிதந்தது. குடிக்காமல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் ஆயில் கணுக்கால் அளவு நின்றது. வாசற்படியில் கால் வைத்தவர் வழுக்கி மல்லாக்க விழுந்தார். எழுந்திருக்கக் கை ஊன்றினால் கை வழுக்கியது, கால் ஊன்றினால் கால் வழுக்கியது. கடைசியில் முயற்சியை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான அந்த ஆயிலிலேயே படுத்துக்கொண்டு அழுதார். மனைவி மேசை மேல் கால் மடக்கி உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் துடைத்தாளே தவிர ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள்: லாரி தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கிற நாளெல்லாம் சுவர் காய்ந்து கிடப்பதை அவள் முதல் மாதமே கவனித்துவிட்டாளாம். அவராகச் சொல்லுவார் என்று காத்திருந்தாளாம். இனிமேலும் அவர் போகாவிட்டால் தானே போய்ச் சொல்லிவிடப் போவதாகச் சொல்லி, ஊசியில் நூல் கோத்தாள்.

அவர் சட்டையைக்கூட மாற்றாமல் போனார். அவர் வீட்டிலிருந்து தங்கச்சி வீடு வரைக்கும் தெருவில் ஆயில் காலடிகள் பதிந்தன. அவை எத்தனை மழைக்கும் போகவில்லை, இன்றைக்கும் சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துத்தான் போகிறார்கள். தங்கச்சியும் மாப்பிள்ளையும் வீட்டில்தான் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. ரிங்கைத் தலைகீழாக மாட்டினது, விற்ற அன்றைக்கே அது தெரிந்திருந்தது, சுவரில் வருகிற ஆயில், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். சுவர் விஷயத்தை அவர்கள் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். மற்றதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. தங்கச்சி தோலுரிந்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள்.

"எங்களுக்குச் செஞ்சதக்கூட விடுண்ணா, கூடப் பொறந்தவன்னு விழுங்கிடுவேன்" என்றாள். "அந்த மனுசன் உனக்கு என்ன பண்ணினார்?"

மெக்கானிக்கைக் கேட்ட கேள்விக்கு மாப்பிள்ளையும் சேர்ந்து தலை குனிந்துகொண்டார்.

எஞ்சினைப் பட்டறை வாசலில், பட்டப்பகலில் இறக்கினார்கள். வரிசையிலிருந்த எல்லாப் பட்டறைக்காரர்களையும் மெக்கானிக்கே போய்க் கூப்பிட்டார். அவர்கள் டீ கிளாசோடு வந்தார்கள். பிஸ்டனை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ரிங்கின் குறி கீழே பார்த்திருப்பதை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் காட்டினார். கிளீனர் ஒரு சொட்டு எடுக்கவில்லை, தெரிந்தேதான் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றார். பிறகு மூக்குக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊரெல்லாம் பார்க்க, ஒவ்வொரு புது ரிங்கையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து மாட்டினார். அதற்கப்புறம் அந்த லாரி தன் பங்குக்கு மேல் ஒரு சொட்டு குடித்ததில்லை. மாப்பிள்ளை சண்டை போடவில்லை, வீட்டுக்கு வந்துபோவதையும் நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து 'மச்சான்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, மற்ற டிரைவர்களைப் போல 'மெக்கானிக்' என்றே கூப்பிட்டார். தங்கச்சி அதைத் திருத்தவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. லாரி ஸ்டாண்டில் எல்லோரும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்கள், பாவம் என்றார்கள், 'அரை லிட்டர்' என்றே தொடர்ந்து கூப்பிட்டார்கள், நாக்குக்குப் பழகிவிட்டதாம். கிளீனர் அதற்குள் ஸ்டாண்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வளைவில் சைக்கிள் ரிப்பேர் கடை ஒன்று போட்டிருந்தார். மாப்பிள்ளை போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, வண்டிக்குத் திரும்ப வரச் சொன்னார். வரவில்லை. அதற்கப்புறம் மெக்கானிக் போனார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போய்க் கடை வாசலில் நின்றார். கிளீனர் ஒரு சக்கரத்தின் கோட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"பட்டறையில நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்குத் தெரியும்ணே. சரி. அன்னிக்கு நான் வீட்டுக்குப் போனதும் என் பொண்டாட்டி என் கைய எடுத்து மோந்து பாத்தா. முப்பது வருசமா ஆயில்ல கெடந்த கை, அதுல வேற என்ன வாசம் வரும்? அவகிட்ட நீங்க எதச் சொல்லி எத மாத்துவீங்க?"

மெக்கானிக் வந்த வழியே திரும்பி நடந்தார். அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவே இல்லை. சாப்பிடும்போது இருந்தது, போல்ட்டு முடுக்கும்போது இருந்தது.

லாரி சரியானதும் வீட்டில் கண்ணாடிக்குப் பின்னால் கசிந்தது நின்றது, கூரை நின்றது, படுக்கிற அறை நின்றது. சமையலறையில் அலமாரிக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை. இப்போது எந்த வண்டியும் ஆயில் குடிக்கவில்லையே, பின்னே இது எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக்கின் மனைவி கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. சூடு போய், பழையபடி தேன் நிறத்தில் வந்தது. வாரக் கடைசியில் அவர் அதை ஒரு டின்னில் வடிகட்டி எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனார். கிளீனர் டின்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மறு வாரமும் போனார். அதன்பிறகு வருடங்கள் அப்படியே போயின. தங்கச்சி பெட்டி ஒட்டுவதை விட்டாள், மாப்பிள்ளை இரண்டாவது லாரி எடுத்தார், பட்டறை வரிசையில் பாதிப் பேர் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சைக்கிள்கள் அந்த ஊரில் சத்தமே இல்லாமல் ஓடின.

ஒரு கோடையில் சுவர் காயத் தொடங்கியது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே வெகு நேரம் ஆயிற்று. இத்தனை வருடம் துடைத்த மனைவிக்கு நிம்மதி. சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்று பேச ஆரம்பித்தாள். மெக்கானிக்குக்கு நிம்மதியாக இல்லை. பயமாக இருந்தது. டின் இல்லாமல் அந்த மனிதர் முன்னால் போய் நிற்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகாமல் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வாரக் கடைசியில் டின் பாதிகூட நிறையவில்லை. அதையே எடுத்துக்கொண்டு போனார்.

கிளீனர் மூடியைத் திறந்து பார்த்தார். "கம்மியா இருக்கே" என்றார். அத்தனை வருடத்தில் டின்னைப் பற்றி அவர் பேசினது அதுதான் முதல் தடவை.

"அடுத்த வாரம் வந்துரும்ணே" என்றார் மெக்கானிக்.

வந்தது.